கழுவாத கார்

நாற்காலியில் சாய்ந்திருந்த மேடைப் பேச்சாளரின் கீழ்த்தாடையில் மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டுப் பல் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் க்ளினிக்கை ஒட்டிய வீட்டுக்குள் மனைவி போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஆமா அத்தான், இன்னைக்குத்தான் வராங்க. வண்டியைப் பாத்து விலை போட்டுச் சொல்லிருவாங்க. என்ன வருதோ அதுல பாதி, நாம பேசினபடிதான். உங்க தம்பிக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சா ஒரு இடத்துல நிக்க மாட்டாரு, எல்லாத்தையும் கெடுத்துருவாரு. முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

டாக்டரின் கைகள் குழாய்க்கு அடியில் அப்படியே நின்றன. சோப்பு நுரை கரைந்து போனது. கைகள் இரண்டு தடவை சுத்தமாகியும் அவர் எடுக்கவில்லை.

அந்த வீட்டில் வண்டி என்றால் ஒன்றுதான். பின்புறத்துக் கொட்டகையில் நின்ற கார். மோட்டார் என்று ஒன்று வந்த புதிதில் அவருடைய தாத்தா வாங்கியது. சக்கரங்களுக்கு மர ஆரக்கால்கள், முன்னால் இரண்டு பித்தளை விளக்குகள், ஓட்டுகிறவர் பக்கத்தில் ரப்பர் பந்தை அமுக்கினால் கனைக்கிற ஊதுகுழல். முன்னால் தொங்கும் இரும்புக் கம்பியைச் சுழற்றினால்தான் இன்ஜின் உயிர் பெறும். அதை யாரும் சுழற்றிப் பல காலம் ஆகிவிட்டது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு வேறு ஊரிலிருக்கும் அண்ணனும் இவரும். வண்டியில் பாதி அண்ணனுடையது என்று இருவருக்கும் தெரியும். எந்தப் பாதி என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

டாக்டரின் தொழில் அப்படி. நாள் முழுக்க மனிதர்கள் அவர் முன்னால் வாயைத் திறந்துகொண்டும் கண்ணை மூடிக்கொண்டும் படுத்திருப்பார்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. மத்தியானம் சாப்பிட்டதும் கொட்டகைக்குப் போய், அந்தக் காரில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். எங்கும் போகாத அந்தப் பயணத்தில்தான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வரும். அதைத்தான் இப்போது பெண்டாட்டியும் அண்ணனும் சேர்ந்து விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளப் போகிறார்கள்.

"கொஞ்சம் மரக்கட்டும். இதோ வந்துடறேன்" என்று பேச்சாளரிடம் சொல்லிவிட்டு டாக்டர் வெளியே ஓடினார்.

பேச்சாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குச் சாயங்காலம் ஒரு பாராட்டு விழாவில் பேச வேண்டியிருந்தது. அதற்குள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி அனுப்புவதாக டாக்டர்தான் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் உதடு ஏற்கெனவே பாதி வேலைநிறுத்தத்தில் இருந்தது.

கொட்டகையில் டாக்டர் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். சண்டை போடலாம். ஆனால் சண்டை போட்டு அவர் எந்தக் காலத்திலும் ஜெயித்ததில்லை. விலை கிடைக்காத பொருளை யார் விற்பார்கள்? வருகிற ஆள் வண்டியைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். அவ்வளவுதான்.

வண்டியை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்துச் சுருட்டி விறகுக்குப் பின்னால் ஒளித்தார். மூலையில் கூட்டி வைத்திருந்த குப்பையை முறத்தில் அள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு, ஒருவித மனவேதனையோடு, வண்டியின் தலையிலிருந்து வால் வரை தூவினார். தூசி அடங்கியபோது வண்டியைவிட அவர் வெள்ளையாக இருந்தார்.

"என்னங்க, இது என்ன கோலம்?"

வாசலில் மனைவி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். தோளில் கான்வாஸ் பை, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் மூக்குக்கண்ணாடி, கையில் வெள்ளைப் பருத்தி உறை. பழைய கார்களுக்கு விலை மதிப்பிடுவதே அவருக்குத் தொழில்.

"இவங்க நம்ம வண்டியைச் சும்மா பாக்க வந்திருக்காங்க" என்றாள் மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பாக்கட்டும், தாராளமா பாக்கட்டும். பாக்க என்ன இருக்கு, பழைய இரும்பு."

மதிப்பீட்டு அம்மாள் சிரித்தார். "வண்டிக்கு உரியவங்க ரெண்டு பக்கத்துக்கும் பொதுவாத்தான் நான் விலை போடுவேன் டாக்டர். அப்படித்தான் பேச்சு. நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னும் எனக்குத் தெரியும்."

இரண்டு பக்கம் என்றால் அண்ணன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். நான் எந்தப் பக்கத்திலும் இல்லை என்று டாக்டருக்கு வயிறு எரிந்தது.

அம்மாள் வண்டியைச் சுற்றி நடந்தார். விரலால் தூசியைத் தொட்டார். கொஞ்சம் ஊதினார். அடியில் இருந்த பழைய பெயின்ட் மங்கலாகத் தெரிந்தது.

"இதைக் கழுவுறதே இல்லையா?"

தூண்டிலில் மீன் மாட்டியது என்று டாக்டர் நினைத்தார். "எங்க கழுவுறது? தண்ணி பட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. பெயின்ட்டும் அடிச்சதில்ல. தாத்தா காலத்துல என்ன இருந்துச்சோ அதேதான். பாருங்க, எப்படி உரிஞ்சு கிடக்குது."

"மறுபடி பெயின்ட் அடிக்கவே இல்லையா? நிச்சயமா?"

"என் பல் மேல சத்தியமா."

அம்மாள் பையிலிருந்து துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, பெயின்ட் எவ்வளவு கனம் என்று அறிய இங்குமங்கும் ஒற்றிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நூத்துக்குத் தொண்ணூறு பேர் பழைய வண்டி கையில கிடைச்சதும் முதல் வேலையா பளபளன்னு பெயின்ட் அடிச்சுக் கெடுத்துருவாங்க. முதல் பெயின்ட்டோட இருக்கிற வண்டிக்கு மதிப்பே வேற. நான் மனசுல போட்டு வெச்சிருந்ததை மாத்தணும். ஒரு புதுக் காரு, பெரிய காரு, வாங்குற விலை வரும்."

மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. பணம் என்றதும் மனுஷிக்கு எப்படிப் படபடப்பு வருகிறது பார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"அவ்வளவெல்லாம் போகாதுங்க" என்றாள் அவள் மெல்ல. "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உள்ள சீட்டெல்லாம் எலி கடிச்சிருக்கு."

சாமர்த்தியக்காரி. ஆசை இல்லாதவள் மாதிரி பேசி விலையை ஏற்றுகிறாள். டாக்டர் விடுவதாக இல்லை.

"எலி மட்டுமா? வண்டி ஓடவே ஓடாதுங்க. எங்க அப்பா அந்த இன்ஜினை ஒரு தடவைகூடப் பிரிச்சதில்ல. உள்ள பல்சக்கரத்துல ஒரு பல் இருக்காது. எனக்குப் பல்லைப் பத்தித் தெரியும்."

"பிரிச்சதே இல்லையா?"

"ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்ல."

அம்மாள் சட்டென்று குனிந்து இன்ஜின் மூடியைத் தூக்கினார். டார்ச் அடித்தார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து அங்கே ஏதோ பொறித்திருந்ததைப் படித்தார். எழுந்தபோது தலையெல்லாம் டாக்டர் தூவிய குப்பை. முகத்தில் மட்டும் வெளிச்சம்.

"இன்ஜின்ல இருக்கிற எண்ணும் அடிச்சட்டத்துல இருக்கிற எண்ணும் ஒண்ணு. ஒரு சாமான்கூட மாத்தலை. டாக்டர், நீங்க இதைச் சொல்லலைன்னா நான் மேலோட்டமாப் பாத்துட்டுப் போயிருப்பேன். புதுக் காரை மறந்துருங்க. ஒரு நல்ல வீடே வாங்கலாம்."

மனைவி கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இதோ வந்துட்டேன்" என்று டாக்டர் முன்பக்கம் ஓடினார். அங்கே பேச்சாளர் நாற்காலியில் சாய்ந்தபடி கடிகாரத்தைச் சுட்டிக் காட்டினார்.

"இன்னும் மரக்கலையா?"

"அழ்ழாம் மழழ்ழு ஃபோச்சு" என்றார் பேச்சாளர்.

"சரியா மரக்கலைன்னு நினைக்கிறேன்" என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். போடும்போதே அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஊரில் இவரை அறியாதவர்கள் கிடையாது. இவர் சொன்னால் எடுபடும்.

"ஐயா, ஒரு உபகாரம் பண்ணணும். பின்னாடி என் பழைய வண்டி ஒண்ணு இருக்கு. அதைப் பாத்து 'இது குப்பை, யாரும் தொட மாட்டாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. உடனே பல்லைப் பிடுங்கிடறேன். காசே வேண்டாம்."

பேச்சாளர் நாற்காலியிலிருந்து இறங்கினார். கழுத்தில் கட்டிய துண்டோடு, தாடையைப் பிடித்துக்கொண்டு டாக்டருக்குப் பின்னால் கொட்டகைக்கு வந்தார். வண்டிக்கு முன் நின்றார். மேடைகளில் நின்ற பழக்கம். வலது கையைத் தானாகவே உயர்த்தினார்.

"இழு..." என்றார். "இழு ஒழு குழ்ழை." இரண்டாவது ஊசி அவருடைய நாக்கைச் சுருட்டி வைத்துவிட்டது. மேலே பேச முயன்றார். வரவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கூட்டத்தின் முன் பேச்சு வராமல் நின்ற அதிர்ச்சியில் அவருடைய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

மதிப்பீட்டு அம்மாள் உருகிப் போனார். "ஐயாவுக்கு இந்த வண்டியோட ஏதோ பழைய பந்தம் இருக்கு போல. குரலே தழுதழுக்குது. ஊர்ப் பெரியவங்க பாத்ததும் கண் கலங்குற வண்டின்னா சும்மாவா? ஏலத்துல இதெல்லாம்தான் பேசும்."

"அவருக்குப் பல்வலிங்க" என்றார் டாக்டர்.

"நீங்க எவ்வளவு அடக்கமான மனுஷர்" என்றார் அம்மாள். இப்போது அவர் டாக்டரைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை கூடியிருந்தது. அது எதற்கு என்று டாக்டருக்குப் புரியவில்லை.

மனைவி வாளியிலிருந்து எழுந்து வந்தாள். "மேடம், அந்தப் பின் பக்கத்துல பெரிய நசுங்கல் இருக்கு பாருங்க. அதுக்கு ஏதாவது குறையும்ல?"

ஓ, இப்போது நேர்மை வேடம். டாக்டருக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆனாலும் அவள் எடுத்துக் கொடுத்த நூலை விட மனமில்லை. "அதுவா? சாதாரண நசுங்கல் இல்லைங்க. ராசியில்லாத வண்டி. என் தாத்தா இதை ஓட்டிக்கிட்டுப் போயி, அந்தக் காலத்துப் பெரிய துரை ஒருத்தரோட குதிரை வண்டி மேல இடிச்சு, பெரிய வழக்காகி, ஊரே சிரிச்சுது."

"துரையோட வண்டி மேலயா?" அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "வழக்குன்னா கோர்ட்டுல பதிவு இருக்குமே. தேடினா கிடைக்கும். கதையுள்ள நசுங்கல் குறை இல்ல டாக்டர், நகை."

"ஐயோ, அது பொய்ங்க" என்றாள் மனைவி. "இவர் ஸ்கூட்டர் பழகினப்ப இடிச்சது."

"விடுங்கம்மா. நசுங்கல் எப்படி வந்திருந்தாலும் அதைத் தட்டி எடுக்காம அப்படியே விட்டிருக்காரே, அதுக்கே பெரிய மனசு வேணும். விலை குறையாது. இந்த வீடும் க்ளினிக்கும் சேந்து என்ன போகுமோ, அது வரைக்கும் வந்தாச்சு."

பேச்சாளர் ஓரமாக நின்று கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மை, பொய், எதைச் சொன்னாலும் விலை ஏறுகிறது என்று டாக்டர் கண்டுகொண்டார். குறைகளாலேயே உயர்கிற பொருளை என்ன சொல்லித்தான் கீழே இறக்குவது? ஒரே வழிதான் மிச்சம். இது அந்த வண்டியே இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

அவர் தாத்தாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"மேடம், இனிமே மறைக்கிறதுல அர்த்தமில்ல. இது போலி."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மனைவியின் முகத்தில் என்ன காரணமோ ஒரு நம்பிக்கை துளிர்த்தது.

"கம்பெனியில செஞ்ச வண்டியே இல்ல இது. எங்க தாத்தா வாங்கினது வெறும் இன்ஜினும் சட்டமும் நாலு சக்கரமும்தான். மேல நீங்க பாக்குற உடம்பு மொத்தமும் இந்த ஊர்த் தச்சர் ஒருத்தர் செஞ்சது. கட்டில் செய்யிற ஆளு. கட்டில் செஞ்சு மிஞ்சின மரத்துல கூடு கட்டி, மேல தகரத்தைப் போத்திட்டாரு. இதைக் கார்னு சொன்னா கார் சிரிக்கும்."

மதிப்பீட்டு அம்மாளின் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்து உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

"டாக்டர், உங்ககிட்ட வாய்க்குள்ள பாக்குற சின்னக் கண்ணாடி இருக்குமே. ஒண்ணு கொடுங்க."

டாக்டர் சந்தோஷமாக ஓடிப்போய் எடுத்து வந்தார். குட்டு வெளிப்பட்டு அம்மாள் ஏமாந்து போகப் போகிறார். அம்மாள் பின் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, அந்தக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டரும் பழக்க தோஷத்தில், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாயுங்க, நல்லாத் தெரியும்" என்றார்.

தெரிந்தது. சட்ட மரத்தின் உட்புறம் சூட்டுக் கோலால் பதித்த முத்திரை. ஒரு உளி, அதற்குக் கீழே ஒரு சின்னப் பறவை.

"தச்சர் முத்திரை" என்றார் அம்மாள். குரல் கோவிலுக்குள் பேசுகிற மாதிரி இறங்கிவிட்டது. "டாக்டர் சொல்றது அப்படியே உண்மை. அந்தக் காலத்துல சில பேர் இன்ஜினும் சட்டமும் மட்டும் வாங்கி, உள்ளூர் ஆளை வெச்சு மேல் கூடு கட்டுவாங்க. அந்தக் கூடெல்லாம் உளுத்து உதிர்ந்து போச்சு. முழுசா நிக்கிற ஒண்ணை நான் இன்னைக்குத்தான் தொட்டுப் பாக்குறேன். இதே மாதிரி இன்னொண்ணு உலகத்துல கிடையாது."

டாக்டர் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டார். வேரே இல்லாத பொய் என்று நினைத்துச் சொன்னது. அதற்கு இவ்வளவு ஆழத்தில் வேர் இருந்திருக்கிறது. தாத்தா இதை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று அவருக்குக் கோபம் வந்தது.

அம்மாள் வண்டியின் முன் மூடியின் மேல் ஒரு தாளை வைத்து எழுதத் தொடங்கினார். எழுதியதை அடித்தார். மேலே இன்னொன்று எழுதினார். அதையும் அடித்தார். கடைசியில் எழுதி முடித்து மனைவியிடம் நீட்டினார். மனைவி படித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கொட்டகையில் இப்போது பேச்சு வராதவர்கள் இரண்டு பேர்.

"இந்தத் தெருவுல பாதியை வாங்கலாம் போலிருக்கே" என்று கடைசியில் அவளுக்குக் குரல் வந்தது. "இதுல பாதியே எவ்வளவு வரும்..."

பங்கைக் கணக்குப் போடக்கூட ஆரம்பித்துவிட்டாள். இனிமேல் சொல்ல ஒன்றும் இல்லை. டாக்டர் வண்டியில் ஏறி ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். நாளையோ மறுநாளோ யாரோ வந்து இதை லாரியில் ஏற்றுவார்கள். மத்தியானங்களில் இனி எங்கே போய் உட்காருவது என்று நினைத்தார். இருக்கையின் எலி கடித்த ஓட்டையில் அவருடைய விரல் தானாகப் போய், உள்ளேயிருந்த நாரைத் தடவியது.

மனைவி வண்டியின் படியில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சந்தோஷத்தில் அழுகிறவளைப் பார்க்கப் பிடிக்காமல் டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?" என்றார் தணிந்த குரலில்.

"உங்களுக்கு வாயைக் கொஞ்சம் மூடி வெச்சுக்கத் தெரியுதா?" என்றாள் அவள், அதே தணிந்த குரலில். அவள் இப்படி உடைந்து போய்ப் பேசி அவர் கேட்டதில்லை. இதில் ஏதோ சரியாக இல்லை என்று முதன்முறையாக அவருக்குத் தோன்றியது. அது என்னவென்று பிடிபடுவதற்குள் பேச்சாளர் வந்து அவர் தோளைத் தட்டித் தன் கடைவாயைக் காட்டினார்.

மதிப்பீட்டு அம்மாள் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வாய்க்கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, பெரியவர்கள் முன்னால் நிற்பதைப் போலச் சற்று ஒதுங்கி நின்று, டாக்டரைப் பார்த்துக் கை கூப்பினார்.

"வாங்குறவங்க பொருளைக் குறை சொல்லித்தான் நான் இத்தனை வருஷமும் பாத்திருக்கேன் டாக்டர், உங்க வீட்டம்மா உங்களுக்காக அண்ணன் பங்கை விலைக்கு வாங்கப் போற நேரத்துல, அண்ணனுக்கு ஒரு காசு குறையக் கூடாதுன்னு மூச்சு முட்ட விலையை ஏத்திவிட்ட தம்பியை இன்னைக்குத்தான் பாக்குறேன்."